தகுதி உண்டு, வரிசையில் இல்லை

என் மனைவிக்கு ஒரு குறை உண்டு. குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கத் தெரியும். இந்த ஒரு குறை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவள் குழந்தை மருத்துவ நிபுணராகியிருப்பாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். படித்தவர்கள் விவகாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாதுதான். ஆனால் மூன்று வருடமாக இந்தக் கூத்து என் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. டிக்கெட் வாங்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அவள் டாக்டருக்குப் படித்து முடித்து, பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நான்கு வருடமாகச் சாதாரண டாக்டராக இருந்தாள். நிபுணராக வேண்டுமென்றால் ஐந்து வருடம் சிறப்புப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் யாரைச் சேர்ப்பது என்பதை உயர் சிறப்புப் பயிற்சித் தேர்வு வாரியம் முடிவு செய்யும். ஒரு ஆளுக்கு மூன்று வாய்ப்புதான். இந்த மூன்றாம் வருடம் தொடங்கும்போது இரண்டு போய்விட்டிருந்தது. மூன்றாவதும் போனால் கதை முடிந்தது. தலை நரைத்த பிறகும் அவள் அடுத்தவர் சொல்வதை எழுதிக்கொள்கிற சின்ன டாக்டர்தான்.

"வேற பிரிவுல சேர்ந்தா என்ன? எலும்பு, தோலு, கண்ணு, எத்தனை இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு வேற எதுவும் பிடிக்காதுங்க. பெரியவங்க எங்க வலிக்குதுன்னு சொல்லிடுவாங்க. பாதி நேரம் பொய்யும் சொல்லுவாங்க. பிள்ளைங்க சும்மா படுத்துக்கிட்டு நம்மளையே பாக்கும். அது எதுக்குப் பாக்குதுன்னு கண்டுபிடிக்கணும் பாருங்க, அந்த வேலைதான் எனக்கு வேணும்."



விண்ணப்பம் நாற்பத்தொரு பக்கம். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, நான் பக்கத்து நாற்காலியிலிருந்து கேள்விகளை வாசித்தேன். மருத்துவ மாநாட்டில் உங்கள் ஆய்வைச் சுவரொட்டியாக எழுதி வைத்தீர்களா? மூன்று புள்ளி. சுவரொட்டிக்குப் பக்கத்தில் நின்றீர்களா? இன்னும் ஒன்று. பிறருக்குப் பாடம் நடத்தினீர்களா? இரண்டு. பாடம் நடத்துவது எப்படி என்று பிறருக்குப் பாடம் நடத்தினீர்களா? நான்கு. ஏதாவது ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கினீர்களா? ஐந்து. குழு என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

"நீ பார்த்த பிள்ளைங்களைப் பத்தி எந்தப் பக்கத்துல கேக்கறாங்க?"

"கேக்கமாட்டாங்க."

"ஒரு இடத்துலகூடவா?"

"முப்பத்தெட்டாம் பக்கத்துல 'பிற விவரங்கள்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல வேணா போடலாம். புள்ளி கிடையாது."

புள்ளி இல்லாவிட்டாலும் போகட்டும், போடு என்றேன். நான்கு ஆண்டுகளில் சுமார் ஒன்பதாயிரம் குழந்தைகள் என்று போட்டாள். கட்டம் சிவப்பாக மாறி, ஆதாரத்தை இணைக்கவும் என்றது. ஒன்பதாயிரம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் இணைப்பது? அழித்துவிட்டு அடுத்த பக்கம் போனோம்.

பணி மேம்பாடு என்று ஒரு பகுதி இருந்தது. அதில் மட்டும் எங்களுக்கு நம்பிக்கை. வார்டில் மூச்சு முட்டுகிற பிள்ளைகளுக்கு மருந்துப் புகை கொடுக்கும் முகமூடிகளை யாரோ ஒரு புண்ணியவான் கீழ்த்தளத்தில் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். போய், சாவி தேடி, எடுத்துக்கொண்டு வர பதினோரு நிமிடம். என் மனைவி அந்த அலமாரியை வார்டுக்குள்ளேயே நகர்த்தி வைத்தாள். நகர்த்தியது நான்தான். அதற்குப் பிறகு ஒரு நிமிடம். இதை எழுதி அனுப்பினாள்.

வாரியத்திலிருந்து பதில் வந்தது. முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு சுற்று அளவீடு மட்டுமே உள்ளது. முழுப் புள்ளி பெற இரண்டு சுற்று வேண்டும். விண்ணப்பதாரர் அலமாரியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், குறைபாட்டை மீண்டும் நிறுவி, அளந்து, மறுபடி மேலே கொண்டுவந்து அளந்தால் பரிசீலிக்கப்படும்.

"தூக்கட்டுமா?" என்றேன். கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் புள்ளியும் போயிற்று.

இந்த இடத்தில் புள்ளிக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கல்லூரியில் இரண்டு வருடம் இளையவர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொல்லும் நிபுணராக ஆசை. எந்த ஊரில் எந்த மாநாடு நடந்தாலும் சுருட்டிய சுவரொட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவார், அதனால் அந்தப் பெயர். கெட்ட ஆள் இல்லை. வெள்ளந்தி. வாரியத்தின் புள்ளிமுறை பற்றி இளம் டாக்டர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆய்வு நடத்தினார். நூற்றுக்கு முப்பது பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒரு துண்டுத்தாள் அச்சடித்துக் கொடுத்து மறுபடி கேட்டார். தொண்ணூறு பேருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு சுற்று. முழுப் புள்ளி, கூடவே பாராட்டுக் கடிதம்.

"அக்கா, நீங்க வார்டுலயே கிடக்கறீங்க. அந்த நேரத்துல ஒரு ஆய்வு பண்ணியிருக்கலாம்" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

"வார்டுல ஆள் இல்லியேப்பா."

"அதையே ஆய்வாப் பண்ணலாமே அக்கா. ஏன் ஆள் இல்லன்னு."

அடுத்தது கம்ப்யூட்டர் தேர்வு. பன்னிரண்டாயிரம் பேர் எழுதினார்கள். நோயைப் பற்றிய கேள்விகள் பாதி. மீதிப் பாதி நடத்தையைச் சோதிப்பது. எழுதிவிட்டு வந்தவள் பதினேழாம் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

வார்டுக்குள் நுழைகிறீர்கள். ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறி உதடு நீலமாகிறது. பக்கத்தில் உங்கள் சக டாக்டர் மனம் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கீழே உள்ள ஐந்தையும் பொருத்தமான வரிசையில் அடுக்குக. சக டாக்டரிடம் நலம் விசாரிப்பது. மேலதிகாரிக்குத் தெரிவிப்பது. பதிவேட்டில் குறிப்பது. குழந்தைக்கு ஆக்ஸிஜன் கொடுப்பது. இந்த அனுபவத்திலிருந்து என்ன கற்றோம் என்று சிந்திப்பது.

"ஆக்ஸிஜனை முதல்ல போட்டேன். தப்பாயிருக்குமோ?" என்றாள்.

"இதுல தப்பா என்ன இருக்கு?" என்றேன். எங்கள் தொழிலில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ஆளை வெளியே எடுப்போம், பிறகுதான் பதிவேடு. எங்கள் தொழில் இன்னும் அவ்வளவு முன்னேறவில்லை.

விடைகள் வந்தன. ஆக்ஸிஜன் நான்காவது.

இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டதால் வாரியம் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தது. குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். கூட்டம் ஆறாவது மாடியில், லிஃப்ட் ஓடவில்லை. கதவு ஒரு சாண் திறந்து திறந்து மூடியது. கதவுச் சென்சாரில் தூசி அடைத்திருக்கிறது, துணியால் ஒரு துடை துடைத்தால் போதும் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். துடைப்பவரைத் தேர்ந்தெடுக்கும் பணி நடந்துகொண்டிருக்கிறது சார் என்றாள். படியேறினோம்.

வாரியத் தலைவர் கனிவான மனிதர். வெள்ளை முடி, தங்க பிரேம் கண்ணாடி, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு புன்னகை. ஒருகாலத்தில் அவரும் டாக்டராம்.

"எங்க வாரியத்துல பாரபட்சத்துக்கே இடமில்ல" என்று ஆரம்பித்தார். "உங்க பேரைப் பாக்கமாட்டோம். முகத்தைப் பாக்கமாட்டோம். நீங்க வேலை செய்யறதையும் பாக்கமாட்டோம். வேலை செய்யறதைப் பாத்தா மனுஷனுக்கு மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும், இல்லியா? நல்லா வேலை செய்யறவங்க பக்கம் சாஞ்சுட்டோம்னு நாளைக்கு ஒருத்தர் கேஸ் போட்டா என்ன பதில் சொல்றது?"

கைதட்டினார்கள். முன்வரிசையில் வாரிய ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனைவி கையைத் தூக்கினாள். "சார், பதினேழாம் கேள்வி. குழந்தைக்கு உதடு நீலமாயிடுச்சு. ஆக்ஸிஜன் ஏன் சார் நாலாவது?"

"ரொம்ப நல்ல கேள்விம்மா. ஆக்ஸிஜன் குடுக்கணும்னு எல்லா டாக்டருக்கும் தெரியும். பன்னிரண்டாயிரம் பேரும் அதையே முதல்ல போடுவாங்க. அதுக்கு மார்க் குடுத்தா பன்னிரண்டாயிரம் பேருக்கும் மார்க் கிடைச்சுடும். அப்புறம் நாங்க யாரை எப்படித் தள்ளறது? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை வச்சு ஆள் எடுக்க முடியாதும்மா. யாருக்கும் தெரியாததை வச்சுத்தான் எடுக்க முடியும்."

"ஆனா அந்தக் குழந்தை சார்..."

"எந்தக் குழந்தை?" என்று பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பார்த்தார். அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் மலர்ந்தது. "ஓ, அதுவா. அது கேள்வித்தாள் குழந்தைம்மா. அதுக்கு ஒண்ணும் ஆகாது. கவலைப்படாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இறங்கி வரும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கும் வழக்கம் கிடையாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நேர்காணல் வீட்டிலிருந்தபடியே, கம்ப்யூட்டரில். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் வீட்டில் கூடத்தை விட்டால் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. காமிராவைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள் என்பதால் அவள் என்னைத் துணி காயப்போடும் பால்கனிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். ஈரப் போர்வைக்குப் பின்னால், தும்மலை அடக்கிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். ஜன்னல் வழியாக எல்லாம் காதில் விழுந்தது.

முதலில் மூன்று குரல்கள் மாறி மாறி, நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், அது உங்களை எப்படி உயர்த்தியது என்றன. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் உங்களிடம்தான் தோற்றேன் என்று சொல்லியிருக்கலாம். பாவம், ஏதோ மழுப்பினாள். பிறகு நடிப்புச் சுற்று. ஒரு நடிகை தாயாக வந்தார்.

"டாக்டர், என் குழந்தைக்கு மூணு நாளா ஜுரம். நீங்க யாரும் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கறீங்க!"

"இருங்கம்மா, நான் இருக்கேன். குழந்தை எங்க இருக்கு?"

"என் கவலையைப் பத்தி யாரும் கேக்கலை டாக்டர்!"

"சொல்லுங்கம்மா, கேக்கறேன். மொதல்ல குழந்தையைப் பாத்துடலாமே? தண்ணி குடிக்குதா? கழுத்தை அசைக்குதா?"

காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், "விண்ணப்பதாரர் கவனத்துக்கு. இந்தச் சுற்றில் குழந்தை கிடையாது" என்றது.

"சரிங்க சார்" என்றாள். அரை நிமிடம் தாயின் கவலையைக் கேட்டாள். பிறகு வாய் தவறி, "அதுக்கு உடம்புல தடிப்பு ஏதாவது இருக்காம்மா?" என்றாள். நான் போர்வையில் முட்டிக்கொண்டேன்.

மதிப்பீட்டில், தேவையற்ற நபர் மீது கவனம் செலுத்துகிறார் என்று எழுதியிருந்தார்கள்.

இதையெல்லாம் தாண்டி ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு மெயில் வந்தது. வாழ்த்துகள். தரவரிசையில் இரண்டாம் இடம். குழந்தை மருத்துவம். பயிற்சி இடம், அவள் வேலை பார்க்கும் அதே வார்டு.

நான் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். போனில் அவள் பேசவே இல்லை. அழுகை மட்டும் கேட்டது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். பின்னாலிருந்து வார்டின் பெரிய சிஸ்டர் குரல் கேட்டது. "ரெண்டாவது வந்திருக்காங்க சார்! இங்க பிள்ளைங்க எல்லாம் ஏன் சிஸ்டர் டாக்டர் அழறாங்கன்னு கேக்குது!"

மூன்று நாள். அந்த மூன்று நாள் அவள் வேறு மனுஷியாக இருந்தாள். வீட்டுக்குள் நடக்கும்போது பாடினாள். அவளுக்குப் பாட வராது. அந்தக் கொடுமையையும் சந்தோஷமாகச் சகித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை இன்னொரு மெயில். மொத்தத் தரவரிசையும் ரத்து.

நடந்தது இவ்வளவுதான். வாரியத்தில் யாரோ ஒருவர் பெயர்ப் பட்டியல் பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார். பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. பக்கத்தில் இருந்த மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. ஆக ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் தலையில். பன்னிரண்டாயிரம் பேருக்கும் அப்படித்தான். முகம், பெயர், வேலை எதையும் பார்க்காத வாரியமாதலால் இதையும் யாரும் பார்க்கவில்லை.

மறுபடி ஆறு மாடி. லிஃப்ட் அதே ஒரு சாண் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தலைவர் அதே புன்னகையோடு மைக்கைப் பிடித்தார்.

"சில பத்திரிகைகள் தவறு நடந்துடுச்சுன்னு எழுதறாங்க. தவறுன்னு சொல்லமாட்டேன். சரியானது நடக்கக் கொஞ்சம் தாமதமாச்சு, அவ்வளவுதான். இதுல நாம பெருமைப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. மூணு நாளா அந்தக் கலைஞ்சுபோன வரிசைதான் வெளியில இருந்துது. எந்த ஆஸ்பத்திரியாவது, எங்களுக்குத் தகுதியில்லாத டாக்டரை அனுப்பிட்டீங்கன்னு புகார் பண்ணிச்சா? ஒண்ணுகூட இல்ல! கண்ணை மூடிக்கிட்டுக் கலைச்சுப் போட்டாகூட நல்ல டாக்டர்தான் வர்றாங்கன்னா, எங்க தேர்வுமுறை எவ்வளவு தரமானதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க!"

யாரும் யோசித்துவிடக் கூடாதே என்பதுபோல முன்வரிசை அவசரமாகக் கைதட்டியது.

என் மனைவி எழுந்துவிட்டாள். கையைக்கூடத் தூக்கவில்லை. "அப்ப நானும் தகுதியானவதானே சார்? மூணு நாள் இருந்தேனே."

"சந்தேகமே வேண்டாம்மா. தகுதி இருக்கு. வரிசையிலதான் இல்ல."

"தகுதி இருந்தா வரிசை எதுக்கு சார்?"

"தகுதி உள்ளவங்க நிறைய இருக்கீங்களேம்மா. அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி."

புது வரிசையில் அவள் நானூற்றுப் பன்னிரண்டு. குழந்தை மருத்துவத்தில் மொத்தமே முந்நூற்று எண்பது இடங்கள்தான். மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் இருந்தது. மதிப்பெண் பற்றி முறையிடக் கூடாது, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்று மட்டும் கேட்கலாம். கேட்டோம். பின்பற்றப்பட்டது என்று பதில் வந்தது.

மூன்று வாய்ப்பும் முடிந்தது. கூடவே ஒரு வரி: விண்ணப்பதாரர் குழந்தை மருத்துவச் சிறப்புப் பயிற்சிக்கு ஏற்றவர் அல்லர் என இறுதியாக முடிவு செய்யப்படுகிறது. இறுதியாக என்பதை அழுத்தமான எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவள் அழவில்லை. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. எனக்கு அப்போது அந்த ஆறாவது மாடிக்கு ஓடிப்போய் அந்தப் புன்னகையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஓடிப்போகவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அதுவும் ஆறிப்போயிற்று.

வார்டில் அவள் வேலையும் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. அந்த இடத்துக்குப் பயிற்சி டாக்டர் வந்துவிட்டதால் சாதாரண டாக்டர் தேவையில்லையாம். வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? நம் புள்ளிக்காரர். எக்ஸ்ரே கேட்டவருக்குப் புள்ளிகள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, எந்தப் பிரிவின் உச்சவரம்புக்கும் மேலாகப் போய்விட, கம்ப்யூட்டர் அவரை மிகவும் தேவையுள்ள இடம் என்று பார்த்து அங்கே தள்ளிவிட்டது. மறுத்தால் மூன்று வாய்ப்பும் போகும்.

முதல் நாளே போன் செய்தார். கழிப்பறைக்குள்ளிருந்து பேசியிருப்பார் போல, குரல் எதிரொலித்தது.

"அக்கா, நான் பிள்ளையைக் கையில தூக்கியே நாலு வருஷமாச்சு. எல்லாம் அழுது அக்கா. எக்ஸ்ரே அழாது. ஒண்ணுக்கு ஊசி போட நரம்பே கிடைக்கலை, மூணு தடவை குத்திட்டேன். அதோட அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே..." அந்தப் பிள்ளை, அதாவது டாக்டர், அழுதுவிட்டார்.

அவள் பொறுமையாக எந்தக் கை, எந்த இடம், எப்படித் தட்டினால் நரம்பு எழும்பும் என்று சொல்லிக் கொடுத்தாள். போனை வைத்துவிட்டு நெடுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் தலைவரே அழைத்தார். எதிர்பார்க்காத மரியாதை. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன். அந்த வார்டு சிஸ்டர் தினம் மூணு கடிதம் எழுதறாங்க. புதுப் பயிற்சி டாக்டருக்கு எல்லாத் தகுதியும் இருக்கு, குழந்தைங்களைப் பாக்கறதுதான் கொஞ்சம் சிரமமா இருக்கு. நீங்க தற்காலிகமா அங்க போய், பக்கத்துல இருந்து, அவருக்குச் சொல்லிக் குடுக்கணும். நீங்க இல்லாம அந்த வார்டு நடக்காதும்மா."

"இதை எழுதிக் குடுப்பீங்களா சார்?"

"எதை?"

"நான் இல்லாம வார்டு நடக்காதுன்னு."

தலைவர் குரலில் முதல் தடவையாகப் புன்னகை இல்லை. "அது எப்படிம்மா? எழுதிக் குடுத்தா ஆதாரமாயிடுமே."

பின்னாலேயே மெயிலில் ஒப்பந்தம் வந்தது. ஒரே பக்கம்தான். இந்தப் பணிக்காலம் அனுபவமாகக் கருதப்படாது. பயிற்சியாகக் கருதப்படாது. சொல்லிக்கொடுத்தமைக்குப் புள்ளி இல்லை. கையெழுத்திடுபவர் தாம் இப்பணிக்கு ஏற்றவர் அல்லர் என்பதை அறிந்து ஏற்கிறார்.

"கிழிச்சுப் போடு" என்றேன்.

"மெயிலை எப்படிக் கிழிக்கறது?" என்றாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தலைவருக்கு ஒரே வரி எழுதினாள்: முடியாது சார். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த ஆட்களுக்கு ஒரு 'முடியாது' கிடைத்திருக்கிறது. அன்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனேன்.

ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். எட்டாம் நாள் காலை பெரிய சிஸ்டர் போன் செய்தார்.

"அம்மாடி, உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுதான். மனசு கேக்கலை. எட்டுப் படுக்கையை மூடிட்டாங்க."

"எந்த எட்டு சிஸ்டர்?"

"என் மேசைக்கு எதுக்க இருக்கறது."

அவள் முகம் மாறியது. எனக்குப் புரியவில்லை, பிறகுதான் சொன்னாள். ரொம்ப முடியாத பிள்ளைகளை அங்கேதான் போடுவார்கள், கண்ணெதிரே இருக்கட்டும் என்று. அந்தப் படுக்கைகளுக்குத்தான் டாக்டர் அதிகம் தேவைப்படுகிறது. டாக்டர் இல்லை. ஆகவே அதிகம் தேவைப்படுகிற படுக்கைகளை மூடிவிட்டால் தேவையும் குறைந்துவிடும் அல்லவா? குறைந்துவிட்டது. காலியிடம் பூஜ்யம் என்று வாரியத்தின் இணையதளத்தில் அன்றே போட்டிருந்தார்கள்.

"அங்க படுக்க வேண்டிய பிள்ளைங்க?"

"பக்கத்து ஊருக்கு அனுப்பறோம் அம்மாடி. ரெண்டு மணி நேரம். நேத்து ஒண்ணு..." சிஸ்டர் நிறுத்திக்கொண்டார். "இல்ல, அது இப்ப பரவாயில்லன்னு சொன்னாங்க. போய்ச் சேர்ந்துடுச்சாம். வழியில ரெண்டு தடவை மூச்சு நின்னு வந்திருக்கு."

அவள் போனை வைத்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்த ஒற்றைப் பக்கத்தை எடுத்து, கடைசி வரை நிதானமாக வாசித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் யார்மேல் பாய்வது என்று தெரியவில்லை. எட்டுகிற தூரத்தில் அவள்தான் இருந்தாள்.

"அவங்களுக்கு இது தெரியும்" என்றேன். "நீ வருவேன்னு தெரியும். மூணு வருஷமா அந்தக் குணத்துக்கு ஒரு மார்க்கும் போடலை. ஆனா அதை நம்பித்தான் மொத்தக் கடையையும் நடத்தறாங்க. தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"ஏற்றவள் இல்லைன்னு உன் கையாலயே எழுதிக் குடுத்திருக்கே. ஒரு மாசத்துல அவரு கத்துக்குவாரு, அஞ்சு வருஷத்துல அவரு நிபுணரு. அன்னிக்கு அவரு சொல்லச் சொல்ல நீ எழுதிக்குவே. உனக்கு வெக்கமா இல்ல?"

ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் போட்டாள். கதவருகே நின்றிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இருக்கு" என்றாள். "ஒன்பது மணிக்கு வார்டுல இருக்கணும். கொஞ்சம் நகருங்க."